கியர் இல்லாமல் ஒரு கொல்லிமலை

காரவள்ளியில், மலைச்சாலை தொடங்கும் இடத்தில், டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். முப்பது வருடம் லாரியும் வேனும் ஓட்டிவிட்டு, இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருகிறவர். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். கீழே இறங்கி, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, பானெட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

"ஆஃப் பண்ணிட்டியா தம்பி?"

"இல்லைங்கண்ணே, ஆன்லதான் இருக்கு."

நம்பாமல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி என் மைத்துனருடையது. வாங்கி ஆறு மாதமான மின்சாரக் கார். இரண்டு நாள் இரவல்.

இந்த வழியில் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நான் முதன்முதலில் இதில் ஏறியது ஒரு பழைய சின்னக் காரில். 800 சிசி இன்ஜின், நாலு கியர், ஏசி கிடையாது. அன்றும் பக்கத்து சீட்டில் இவர்தான். அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்: "மீட்டரப் பாக்காத, சத்தத்தக் கேளு. வண்டி அழுவறதுக்கு முன்னாடி கியர இறக்கிரணும். அழுத பொறவு இறக்குனா அது டிரைவிங் இல்ல, வைத்தியம்."

இருபத்தைந்து வருடமாக அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். அதனால் மின்சாரக் காரில் ஓட்டும் சுகம் உண்டா, பெட்ரோல் வண்டிக்கு அது ஈடாகுமா என்று டீக்கடையில் பேச்சு வந்தால் எனக்கு இரண்டு கட்சியிலும் சேர முடியவில்லை. ஒரு கட்சி அதைப் பொம்மைக் கார் என்கிறது. இன்னொரு கட்சி "ஒரு தடவை மிதிச்சுப் பாரு, அப்புறம் பேசு" என்கிறது. இரண்டு பேரும் வெவ்வேறு சங்கதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. வண்டி நம் சொல்லைக் கேட்பது ஒரு சுகம். வண்டி நம்மிடம் ஏதாவது சொல்வது வேறொரு சுகம். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் சண்டை தீர்வதில்லை.

மூன்றாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கியது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது விதி. ஆனால் பஸ் பாதி வளைந்துவிட்டது, நான்தான் நின்றாக வேண்டும். நல்ல ஏற்றம், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பழைய காரில் என்றால் இந்த இடத்தில் உள்ளங்கை வியர்த்துவிடும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, ஹாஃப் கிளட்சில் இன்ஜினை உறுமவிட்டு, பின்னால் உருளாமல் நகர்த்த வேண்டும். கிளட்ச் கருகும் வாடை வரும். ஆள் கூட இருந்தால் பின்சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுக்கச் சொல்வோம். இதில் பஸ் போனதும் வலது காலை அழுத்தினேன், ஏறிவிட்டது. இடது கால் மட்டும் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது.

பெட்ரோல் இன்ஜின் மூச்சு விடுகிற ஜீவன். காற்றை இழுக்க வேண்டும், அமுக்க வேண்டும், பெட்ரோலோடு சேர்த்து வெடிக்க வேண்டும், புகையை வெளியே தள்ள வேண்டும். இந்த நாலு வேலையும் தடையில்லாமல் நடக்க அது சுற்றிக்கொண்டே இருந்தாக வேண்டும். நிமிடத்துக்கு ஏழெட்டு நூறு சுற்றுக்குக் கீழே போனால் மூச்சடைத்து நின்றுவிடும். ஆனால் நிற்கிற காரின் சக்கரம் பூஜ்யத்தில் இருக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய இன்ஜினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் சண்டையில்லாமல் சேர்த்துவைக்கும் தரகர்தான் கிளட்ச். இது போதாதென்று, இன்ஜினின் முழு முறுக்கு விசை, அதாவது டார்க், ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் கிடைக்கும். அந்த இடத்தைவிட்டு இன்ஜின் விலகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இத்தனை கியர்கள். டிரைவர் அண்ணன் சொன்ன அழுகை, அந்த இடத்துக்குக் கீழே இன்ஜின் நழுவும்போது வருகிற ஓசை.

மோட்டாரின் சுபாவம் வேறு. மிக்ஸியில் தேங்காய்ச் சில்லு சிக்கி பிளேடு நின்றுவிட்டால் என்ன ஆகிறது? ம்ம்ம் என்று முனகும், கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். சுற்ற முடியாமல் நிற்கிற அந்த நேரத்தில்தான் அது தன் முழுப் பலத்தையும் காட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டாரின் முறுக்கு அதன் சுருளில் ஓடும் மின்னோட்டத்தால் வருவது. சுற்ற ஆரம்பித்த பிறகுதான் பலம் வரும் என்கிற கதை அதற்கில்லை. காரில் அந்த மின்னோட்டத்தை அளந்து கொடுக்க இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் நம் வீட்டு ஃபேனை ஓட்டுமே, அதன் வசதியான சொந்தக்காரர். அதனால் மிக்ஸி மாதிரி கருகாமல் பூஜ்யத்திலிருந்தே முழு முறுக்கும் சக்கரத்துக்குப் போகிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. கிளம்பும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் நின்றவர்களுக்கு இந்த விஷயம் அப்போதே தெரியும்.

ஒரே மாதிரி உடம்பில் இரண்டு உயிரையும் வைத்துப் பார்க்க டாடா நெக்ஸான் வசதியான உதாரணம். 2020இல் வந்த மின்சார நெக்ஸானின் முறுக்கு விசை 245 நியூட்டன் மீட்டர். அதே காலத்து பெட்ரோல் நெக்ஸானுக்கு 170, அதுவும் 1,750 சுற்றைத் தாண்டிய பிறகு. குதிரைத்திறனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரில் 'பிக்கப்' என்று சொல்கிறோமே, அதைக் குதிரைத்திறனை வைத்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பலம் மட்டுமா, அது வருகிற நேரமும் முக்கியம். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் காற்றுக் கதவு திறக்கும், காற்று நிரம்பும், பெட்ரோல் பீய்ச்சும், பிறகுதான் வெடி. டர்போ இருந்தால் அதன் விசிறி வேகமெடுக்கும் வரை இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். சில சமயம் ஒரு விநாடிகூட ஆகும். இன்வெர்ட்டரின் சுவிட்சுகள் விநாடிக்கு ஏறக்குறைய பத்தாயிரம் முறை திறந்து மூடுபவை. மின்னோட்டத்தை மாற்ற அவற்றுக்கு ஒரு சில மில்லி விநாடி போதும். கால் நினைத்ததை வண்டி செய்துவிட்ட பிறகுதான் நமக்கே தெரிகிறது. இதை அனுபவிக்க வேகம் தேவையில்லை. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவைத் திரும்பி, பாதியில் அரை அங்குலம் கூடுதலாக மிதித்து, வண்டி அந்த அரை அங்குலத்துக்கு மட்டும் கணக்காக நகர்வதைப் பார்க்க வேண்டும். எனக்கு அன்று மிகவும் பிடித்துப்போனது இதுதான். சீறிப் பாய்வது எல்லாம் பிறகு.

மலைக்கென்றே இன்னொரு சலுகை உண்டு. உயரம் கூடினால் காற்று மெலியும், மூச்சு விடும் இன்ஜின் இளைக்கும். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். 2,240 மீட்டரிலுள்ள ஊட்டியில் பழைய கார்கள் ஏன் அப்படி முக்கின என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் என்று ஒரு மலை. உச்சி 4,302 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதன் மேல் ஏறும் 20 கிலோமீட்டர் பந்தயத்தில் 156 வளைவுகள். 2013இல் செபாஸ்டியன் லோப் பெஜோ பெட்ரோல் காரில் 8 நிமிடம் 13.878 விநாடியில் ஏறி, முந்தைய சாதனைகளை எல்லாம் சாய்த்தார். ஐந்து வருடம் கழித்து, 2018 ஜூன் 24 அன்று, ரோமன் துமா ஃபோக்ஸ்வேகனின் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57.148 விநாடியில் ஏறினார். லோபின் காருக்குக் குதிரைத்திறன் அதிகம். ஆனால் துமாவின் காருக்கு மூச்சு விடத் தேவையே இல்லை.

இது ஏதோ நேற்று வந்த வீரமும் அல்ல. சாலையில் ஓடும் வண்டி ஒன்று முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிஸுக்குப் பக்கத்தில். ஓட்டியவர் பெல்ஜியத்தின் கமில் ஜெனாட்ஸி. துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருந்த அந்த மின்சார வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'லா ஜமே கோந்தாந்த்'. ஒருநாளும் திருப்தி அடையாதவள் என்று அர்த்தம். யாரை நினைத்து வைத்தாரோ!

மோட்டாருக்கும் மூச்சு முட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது, மிதித்துப் பார் கட்சிக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. சுற்றுகிற மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டரும்தான். சுற்றச் சுற்ற, தனக்கு வரும் மின்னழுத்தத்தை எதிர்த்துத் தானே ஓர் அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். எதிர் மின்னியக்கு விசை என்று பிளஸ் டூ புத்தகத்தில் படித்திருப்போம். வேகம் கூடக் கூட பேட்டரியால் முன்போல் மின்னோட்டத்தைத் திணிக்க முடியாமல் போகிறது, முறுக்கு குறைகிறது. நகரத்துக்குள் சிறுத்தை மாதிரி பாயும் வண்டி, சேலம்–கோவை நெடுஞ்சாலையில் 100ஐத் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது கொஞ்சம் சோம்பல் முறிப்பது இதனால்தான். பெரும்பாலான மின்சாரக் கார்களில் கியர் ஒன்றே ஒன்று. மோட்டார் ஒன்பது பத்துச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆனால் போர்ஷே 2019இல் வந்த தன் டைகான் காரின் பின்சக்கரங்களுக்கு இரண்டு கியர் வைத்தது. ஒன்று கிளம்புவதற்கு, இன்னொன்று ஜெர்மனியின் வேகச் சாலைக்கு.

முப்பதாவது வளைவு தாண்டியதும் டிரைவர் அண்ணன் கண்ணாடியை இறக்கினார். முகம் வெளிறியிருந்தது.

"வயித்தப் பொரட்டுது தம்பி."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த மலையில் எத்தனையோ பேர் வாந்தி எடுப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வேன் ஓட்டியவர், எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கக் கொடுத்தவர். அவருக்கா?

நம் உட்காதில் ஜெல்லி மாதிரி ஒரு மெத்தை, அதன் மேல் சுண்ணாம்புத் துகள்கள். வண்டி வேகமெடுத்தால் துகள்கள் பின்தங்கி, மெத்தை சாய்ந்து, அடியிலுள்ள நுண்மயிர்கள் வளைகின்றன. பிரேக் அடித்தால் எதிர்ப் பக்கம். சீரான வேகம் இவற்றுக்குத் தெரியாது, வேகத்தில் வரும் மாற்றம் மட்டுமே தெரியும். இந்தச் செய்தி மூளை எதிர்பார்த்ததோடு ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாவிட்டால்தான் குமட்டல். ஓட்டுகிறவருக்கு வாந்தி வராததன் ரகசியமும் இதுதான். அவர் கைக்கும் காலுக்கும் அடுத்து என்ன என்பது முன்பே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு எது துணை? கண் பாதி, காது மீதி. இன்ஜின் உறுமினால் இழுக்கப்போகிறது, அடங்கினால் வேகம் குறையப்போகிறது. முப்பது வருடம் அந்தத் துப்பை வைத்தே உடம்பைத் தயார் செய்துகொண்டவருக்கு அன்று துப்பு எதுவும் வரவில்லை. போதாததற்கு, நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. புதிதாக ஓட்டுகிறவன் காலில் அது வெட்டி வெட்டித்தான் வரும். தப்பு பாதி என்னுடையது.

சத்தம் வெறும் அலங்காரம் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 3,000 சுற்றில் விநாடிக்கு 100 வெடி, 6,000 சுற்றில் 200. அதாவது சுற்று இரண்டு மடங்கானால் ஸ்தாயி ஒன்று ஏறுகிறது. சங்கீதம் தெரியாதவர் காதுக்கும் அது புரியும். வேகம், பாரம், ஏற்றம், இன்ஜினின் உடல்நிலை எல்லாம் அந்த ஒரே இழையில் வருகிறது. ஒற்றை சிலிண்டர் புல்லட் நிற்கும்போது விநாடிக்கு ஏழெட்டு வெடிதான் வெடிக்கும். காதால் தனித்தனியாக எண்ணிவிடலாம் போல இருப்பதால்தான் அந்த 'டப் டப்'புக்கு இத்தனை அடிமைகள். மின்சாரக் காரில் மிஞ்சுவது ஒரு மெல்லிய ரீங்காரமும் டயர் சத்தமும். ஊர்த் தெருவில் 40இல் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு 65இல் போனேன். மீட்டரைப் பார்க்காதே என்ற பாடம் இங்கே செல்லாது.

கம்பெனிகளுக்கும் இந்த வெறுமை தெரிகிறது. பிஎம்டபிள்யூ தன் மின்சாரக் கார்களின் ஒலிக்குச் சினிமா இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரைக் கூட்டி வந்தது. 2023இல் வந்த ஹூண்டாய் அயோனிக் 5 என் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாத எட்டு கியரை இருப்பதுபோல் நடிக்கிறது. கியர் மாற்றும் பட்டையைத் தட்டினால் மோட்டார் ஒரு கணம் விசையைக் குறைத்து, ஒரு குலுக்கு குலுக்கி, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தத்தையும் மாற்றும். கியரை மாற்ற மறந்தால் அதற்கு மேல் இழுக்கவும் மாட்டேன் என்னும். டொயோட்டா கிளட்ச் பெடலும் கியர் கம்பியும் வைத்த மின்சாரக் காரையே சோதனைக்காகச் செய்து காட்டியிருக்கிறது. அந்த பெடலின் மறுமுனையில் கிளட்ச் என்று எதுவும் கிடையாது, கம்ப்யூட்டர்தான். இதையெல்லாம் முதலில் படித்தபோது, சைக்கிள் சக்கரத்தில் பலூனைக் கட்டி மோட்டார் சத்தம் வரவைத்த சின்ன வயது ஞாபகம் வந்து சிரித்தேன். இப்போது அவ்வளவு சிரிப்பு வருவதில்லை.

ஏனென்றால் வண்டி சொன்னபடி கேட்பதில் உள்ள சுகம் சீக்கிரம் பழகிவிடுகிறது. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் பிரசித்தம். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் மூளையில் டோபமின் செல்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, சாறு வரும்போது துடிப்பதில்லை. எதிர்பார்த்ததே வந்தால் மூளைக்கு அது செய்தி இல்லை. மின்சாரக் காரின் பிக்கப் ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் வரும். முதல் வாரம் நண்பர்களை ஏற்றிக்கொண்டு மிதித்துக் காட்டிய என் மைத்துனர் இப்போது எக்கோ மோடில்தான் ஓட்டுகிறார். பெட்ரோல் வண்டியில் கியரை இறக்குவதோ சில நாள் வெண்ணெய் மாதிரி விழும், சில நாள் உதறும். அது சரியாக விழுந்த நாளில் வரும் அற்ப சந்தோஷம் இருபத்தைந்து வருடம் கழித்தும் எனக்குத் தீரவில்லை. திறமைக்கு வேலை இருக்கிற இடத்தில்தான் அந்த மாதிரி சந்தோஷம் வருகிறது.

எடையையும் சொல்ல வேண்டும். பேட்டரி தரையோடு தரையாகக் கிடப்பதால் வளைவில் வண்டி அவ்வளவாகச் சாய்வதில்லை. உட்கார்ந்திருக்கும் பூசணிக்காய் மாதிரி அசையாமல் திரும்புகிறது. ஆனால் பூசணிக்காய் கனமும்தான். வேகத்தைக் கூட்டினால் முன்டயர்கள் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கின்றன. இறுதியில் ரோட்டைப் பிடித்திருப்பது நாலு உள்ளங்கை அகல ரப்பர், அதற்கு ஒவ்வொரு கிலோவும் கூடுதல் வேலை. 1989 முதல் விற்பனையில் இருக்கும் மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 உலகெங்கும் ஓட்டுகிறவர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பது பலத்தால் அல்ல. ஏறக்குறைய ஒரு டன்தான் எடை, அதனால்தான். அந்த லேசான துள்ளல் இன்றைய பேட்டரிகளோடு வராது. பேட்டரி இளைத்தால் வரலாம்.

சோளக்காட்டில் டீ குடித்தோம். அண்ணனுக்கு முகம் தெளிந்திருந்தது.

"எறங்கறப்ப நான் ஓட்டறேன், குடு."

ஓட்டுகிறவருக்குக் குமட்டாது என்பதால் கொடுத்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆசை. முதல் நாலைந்து வளைவுகளில் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு கண்டுகொண்டார். வளைவுக்கு முன்னால் காலை மெல்லத் தளர்த்தினால் போதும், வண்டி தானே பின்னுக்கு இழுக்கிறது. எவ்வளவு தளர்த்துகிறோமோ அவ்வளவு இழுப்பு. "ரெண்டாவது கியர்ல எறங்கற மாதிரியே இருக்குது" என்றார். பத்தாவது வளைவுக்குள் அவர் காலில் வெட்டே இல்லை. நான் இரண்டு நாளில் பழகாததை அவர் கால் மணி நேரத்தில் பழகிவிட்டார். காது கேட்காத இடத்தில் கால் கேட்கத் தொடங்கிவிட்டது போலிருந்தது. சொல்லாத வண்டியிடமிருந்தும் ஏதோ ஒன்றை அவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

எங்களோடு சேர்த்து 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அதைத் தூக்க ஏறக்குறைய 4.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். இறங்கும்போது அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பெட்ரோல் வண்டியில் கொஞ்சம் இன்ஜினுக்குள்ளும் கொஞ்சம் பிரேக்கிலும் சூடாகக் கரையும். 2,000 வாட் வெந்நீர் ஹீட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் வருகிற சூடு. மின்சாரக் காரில் டயரும் காற்றும் தின்றது போக, ஏறக்குறைய பாதி பேட்டரிக்குத் திரும்பும். ஒரு எச்சரிக்கை: மலைமேல் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு இறங்கக் கிளம்பினால் இந்த இழுப்பு வேலை செய்யாது. நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? எல்லாவற்றையும் பிரேக்தான் தாங்க வேண்டும்.

சோளக்காட்டில் பேட்டரி 52 சதவீதம் என்று காட்டிய மீட்டர் காரவள்ளியில் 58 காட்டியது. அண்ணன் ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கினார். மலை இறங்கியதும் டிரைவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். முன்சக்கரத்துப் பக்கம் குந்தி, பிரேக் வட்டுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டினார். கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். இன்னும் கிட்டே. பிறகு தொட்டே பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தபடி எழுந்தார்.

"சுடவே இல்ல தம்பி."